மதில் மட்டும்தான் பாரம்பரியமா? உள்ளே இருக்கிற மண்ணும்தான்!

புதுச்சேரிக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒரு மதிலைப் படம் எடுத்துக்கொண்டுதான் ஊர் திரும்புகிறார்கள். மஞ்சள் பூச்சு, வெள்ளைக் கரை, மேலே கொத்துக் கொத்தாகக் காகிதப்பூ. துமாஸ் வீதி, ரோமன் ரோலண்ட் வீதி, சுய்ப்ரேன் வீதி என்று எங்கே நின்றாலும் இதே காட்சி. அந்த மதிலுக்கு உள்ளே என்ன இருந்தது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

உள்ளே மண் இருந்தது. கிணறு இருந்தது. மாவும் தென்னையும் எலுமிச்சையும் பூச்செடிகளும் இருந்தன. வீட்டை ஒட்டி ஒரு தோட்டம், தோட்டத்தைச் சுற்றி உயர்ந்த மதில். பிரெஞ்சுக்காரர்கள் இங்கே வீடு கட்டிய முறையே அதுதான். இன்றைக்கு மதிலுக்கு மதிப்பு கூடியிருக்கிறது. இடிக்கக் கூடாது, நிறம் மாற்றக் கூடாது, முகப்பைக் கெடுக்கக் கூடாது என்று அக்கறையோடு பேசுகிறோம். நல்ல விஷயம். ஆனால் அதே மதிலுக்குள் சிமென்ட் கலவையைக் கொட்டித் தோட்டத்தை மூடி, அதன் மேல் நாற்காலி மேசை போட்டால் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. மதில் பாரம்பரியம் என்றால், அது எதைக் காக்கக் கட்டப்பட்டதோ அந்த மண் பாரம்பரியம் இல்லையா?

'பணக்காரர் வீட்டுத் தோட்டத்தைப் பற்றி உழவனுக்கு என்னங்க கவலை?' என்று சிலர் கேட்கலாம். கவலைப்பட வேண்டிய காரணம் இருக்கிறது. மண், சாணம், விதை, தண்ணீர் என்று நாம் தினமும் பேசுகிற நான்கும்தான் இந்த மதில்களின் கதையும்.

சாணத்தால் ஓடிய அரண்மனைத் தோட்டங்கள்

ஐரோப்பாவில் கோட்டைகளையும் பெரிய மாளிகைகளையும் ஒட்டி இப்படி மதில் கட்டிய காய்கறித் தோட்டங்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு மதில். மானும் முயலும் உள்ளே வராது, திருடன் வரமாட்டான், குளிர்காற்று அடிக்காது. எல்லாவற்றையும் விட முக்கியம், அந்தச் செங்கல் பகலில் வாங்கிய வெயிலை இரவில் மெல்ல மெல்ல வெளியே விடும். அந்தச் சூட்டில்தான் குளிர்நாட்டில் பீச், திராட்சை, அத்திப் பழங்களைப் பழுக்க வைத்தார்கள். மரத்தைச் சுவரோடு சுவராக விசிறி மாதிரி விரித்துக் கட்டி வளர்த்தார்கள்.

இதில் பெயர்பெற்றது பிரான்சின் வெர்சாய் அரண்மனையில் உள்ள அரசரின் காய்கறித் தோட்டம். பதினான்காம் லூயி மன்னருக்காக ழான் பப்தீஸ்த் த லா கான்தினி என்பவர் 1678 முதல் 1683 வரை அமைத்தது. வழக்கறிஞருக்குப் படித்துவிட்டுத் தோட்டத்துக்கு வந்த மனிதர் அவர். அவருக்குக் கிடைத்த இடம் நாற்றமடிக்கும் சதுப்பு நிலம். நீரை வடித்து, வேறு இடத்திலிருந்து மண் கொண்டுவந்து கொட்டி, எருவைப் போட்டு மண்ணை உருவாக்கினார். சுமார் 9 எக்டேர், அதாவது 22 ஏக்கர். பருவம் வருவதற்கு முன்னமே மன்னர் மேசைக்குக் கீரையும் ஸ்ட்ராபெரியும் போயின. அதற்கு அவர் நம்பியது மந்திரத்தை அல்ல. அரண்மனைக் குதிரை லாயத்தின் சாணத்தைத்தான். புதுச் சாணத்தை ஆழமாக நிரப்பி, மேலே மண் போட்டு, அது நொதிக்கும் சூட்டில் செடி வளர்த்தார்.

இங்கிலாந்தில் கார்ன்வால் பகுதியில் ஹெலிகன் என்ற பண்ணையில் இன்றைக்கும் ஒரு குழி இருக்கிறது. அன்னாசிக் குழி. புதுக் குதிரைச் சாணத்தின் சூட்டில் குளிர் தேசத்தில் அன்னாசி விளைவிக்கிறார்கள். மின்சாரம் இல்லை, எண்ணெய் இல்லை. சாணம் மட்டும்தான். மண்ணையும் நுண்ணுயிரையும் நம்புகிற நமக்கு இது ஆச்சரியமாக இருக்காது. நம்ம எருக்குழியில் மழைக்காலத்துக் காலையில் ஆவி பறக்கிறதே, அந்தச் சூடுதான் அது.

மூன்றாவது உதாரணம் எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அங்கே பிரபு கிடையாது. பாரிசுக்குக் கிழக்கே மோன்த்ரேய் என்ற ஊரில் சிறு உழவர்கள் தங்கள் நிலங்களை நீள நீளமான சுவர்களால் பிரித்து, சுவருக்குச் சுவர் பீச் மரம் வளர்த்தார்கள். கந்தல் துணியால் கிளையைச் சுற்றி, சுவரில் ஆணியடித்துக் கட்டுவார்கள். உச்சத்தில் இருந்தபோது அந்தச் சுவர்களின் நீளம் 600 கிலோமீட்டர் அளவுக்கு இருந்தது என்று சொல்வார்கள். அரண்மனை நுட்பத்தை உழவர்கள் தங்கள் பிழைப்பாக மாற்றிக்கொண்டார்கள். பிறகு ரயில் வந்தது. தெற்கே வெயில் நாட்டிலிருந்து பழம் மலிவாக வந்து இறங்கியது. பாரிஸ் நகரமும் வீங்கி வந்து நிலத்தைத் தின்றது. மிச்சமிருந்ததில் ஒரு பகுதியை 2003-இல் பிரெஞ்சு அரசு பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவித்தது. சுவரை மட்டும் அல்ல, சுவர்களுக்கு நடுவே உள்ள நிலத்தையும் சேர்த்து. இந்தக் கடைசி வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பழம் யாருக்கு, பாடு யாருக்கு?

அதற்காக அந்தத் தோட்டங்களை நாம் தலையில் தூக்கிவைத்து ஆட வேண்டியதில்லை. சாணம் அள்ளியவரும் தண்ணீர் சுமந்தவரும் அந்தப் பழத்தைத் தின்றவர்கள் அல்ல. மதில் வெயிலைப் பிடித்து வைத்தது போலவே விளைச்சலையும் ஒரு குடும்பத்துக்குள் பிடித்து வைத்தது.

ஹெலிகன் தோட்டத்துத் தொழிலாளர்களின் கழிப்பறைச் சுவரில் அவர்கள் கிறுக்கி வைத்த பெயர்கள் இருக்கின்றன. பக்கத்தில் '1914 ஆகஸ்ட்' என்று எழுதியிருக்கிறது. முதல் உலகப் போர் தொடங்கிய மாதம். அவர்களில் பலர் போருக்குப் போனார்கள், திரும்பவில்லை. ஆள் இல்லாமல் போனதும் தோட்டம் காடாகிவிட்டது. 1990-இல் முள்ளை வெட்டிக்கொண்டு உள்ளே போய்த்தான் மறுபடி கண்டுபிடித்தார்கள். மதில் அப்போதும் நின்றுகொண்டுதான் இருந்தது. கை இல்லாததால் தோட்டம் இல்லை.

ஆக, சுவர் தோட்டத்தை உண்டாக்குவதில்லை. மண்ணும் எருவும் விதையும் அவற்றை அறிந்த கையும் சேர்ந்துதான் தோட்டம். சுவர் வெறும் துணை. புதுச்சேரியில் நாம் துணையைக் காப்பாற்றிவிட்டு, தோட்டத்தை விட்டுக்கொண்டிருக்கிறோம்.

புதுவையின் பெரிய மதில் தோட்டம்

நம்ம ஊரிலும் அரசு கட்டிய ஒரு பெரிய மதில் தோட்டம் இருக்கிறது. பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தாவரவியல் பூங்காதான் அது. 1826-இல் பிரெஞ்சு அரசு அமைத்தது. பரப்பு ஏறத்தாழ 22 ஏக்கர், வெர்சாய் காய்கறித் தோட்டத்தின் அளவேதான். பிள்ளைகளுக்குச் சிறுவர் ரயிலும் மீன் காட்சியகமும்தான் நினைவுக்கு வரும். ஆனால் அது பொழுதுபோக்குக்காகப் போட்ட தோட்டம் அல்ல. ஒரு நாட்டுச் செடியை இன்னொரு நாட்டில் பழக்கி, வியாபாரத்துக்கு ஆகுமா என்று பார்க்கிற சோதனைக்களம்.

அதற்கு முன்பே, 1816-இல் லெஷெனோ த லா தூர் என்ற தாவர ஆய்வாளர் புதுச்சேரிக்கு வந்தார். சோழமண்டலக் கரை, சேலம், கோயம்புத்தூர் என்று சுற்றினார், இலங்கைக்கும் போனார். இங்கிருந்து பூர்போன் தீவுக்கு, இன்றைய ரீயூனியனுக்கு, விதைகளும் கன்றுகளும் அனுப்பினார். அதில் கரும்பு ரகங்களும் பருத்தி ரகங்களும் இருந்தன. கொஞ்சம் நின்று யோசியுங்கள். அந்தப் பருத்தியும் கரும்பும் காட்டில் தானாக முளைத்தவை அல்ல. தலைமுறை தலைமுறையாக நம்ம உழவர்கள் பொறுக்கி, விதை எடுத்து, மண்ணுக்குத் தக்கபடி பழக்கி வைத்தவை. அனுப்பியவர் பெயர் வரலாற்றில் இருக்கிறது. பொறுக்கி வைத்தவர் பெயர் ஒன்றுகூட இல்லை.

பிறகு ஷார்ல் பெலாங்கே என்பவர் தோட்டத்தை உருவாக்க வந்தார். அவருக்குப் பின் பல ஆண்டுகள் அதைப் பார்த்துக்கொண்டவர் சாமுவேல் பெரோத்தே. உலகம் சுற்றிய மனிதர். ஆப்பிரிக்காவின் செனகலில் வேலை செய்தவர். அவுரிச் சாகுபடியைப் பற்றி 1842-இல் ஒரு புத்தகமே எழுதினார். 1870-இல் புதுச்சேரியிலேயே இறந்தார். அவுரி ஏன் அவ்வளவு முக்கியம்? புதுச்சேரியில் அவுரிச் சாயம் தோய்த்த நீலத் துணி கப்பல் ஏறிச் செனகலுக்குப் போய், அங்கே கருவேலம் பிசினுக்கு மாற்றாகக் கைமாறிய காலம் அது. அவுரியை விளைவித்த கை, சாயத் தொட்டியில் இறங்கிய கால், தறியில் உட்கார்ந்த முதுகு எல்லாம் நம்முடையவை. லாபம் யாருடையது என்று நான் சொல்லத் தேவையில்லை.

மல்லாட்டையும் இப்படித்தான். தென்னமெரிக்கப் பயிர். நம்ம பக்கம் மணிலாக்கொட்டை என்று பேர் வாங்கி, வாய்க்கு வசதியாக மல்லாட்டை ஆனது. புதுச்சேரித் துறைமுகத்திலிருந்து பிரான்சின் மார்சேய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்கும் சோப்பு ஆலைகளுக்கும் மூட்டை மூட்டையாகப் போனது. கம்பும் கேழ்வரகும் விளைந்த மானாவாரி நிலத்தில் பணப்பயிர் ஏறியது இப்படித்தான்.

வெளியிலிருந்து வந்த செடி எல்லாம் விஷம் என்று சொல்ல வரவில்லை. மிளகாய், தக்காளி, கொய்யா, பப்பாளி, முந்திரி எல்லாமே கடல் கடந்து வந்தவைதான். இன்றைக்கு முந்திரி இல்லாமல் பண்ருட்டி உண்டா? சீமைக்கருவேலமும் வந்ததுதான், அது ஏரியையும் புறம்போக்கையும் என்ன செய்தது என்றும் தெரியும். செடி எங்கிருந்து வந்தது என்பதை வைத்து மட்டும் நல்லது கெட்டது பிரிக்க முடியாது. யார் தேவைக்காகக் கொண்டுவந்தார்கள், முடிவு எடுத்தது யார் என்று பார்க்க வேண்டும். மதில் தோட்டத்துக்குள் அந்த முடிவை ஒரு நாளும் உழவர் எடுத்ததில்லை. 1954 நவம்பர் 1-இல் பிரெஞ்சு ஆட்சி போனது. பூங்கா இன்றைக்கு நம்ம வேளாண் துறையின் கையில் இருக்கிறது. ஆனால் உழவருக்கு அங்கே இன்றும் பார்வையாளர் இடம்தான்.

நம்ம மதில் தோட்டத்துக்குப் பெயர் கொல்லை

பிரபு வீட்டுத் தோட்டத்தை வியக்கிறவர்கள் நம்ம வீட்டுக் கொல்லையை மறந்துவிடுகிறார்கள். பெரிய வாய்க்காலுக்கு மேற்கே தமிழர் தெருக்களில் வீட்டின் அமைப்பு வேறு. தெருவைப் பார்த்துத் திண்ணை, உள்ளே ரேழி, நடுவில் முற்றம், பின்னால் கொல்லை. பிரெஞ்சுக்காரர் தோட்டத்தை வைத்து வீட்டைத் தெருவிலிருந்து மறைத்தார்கள். நாம் திண்ணையைத் தெருவுக்குக் கொடுத்துவிட்டுத் தோட்டத்தைப் பின்னால் வைத்துக்கொண்டோம்.

கொல்லையிலும் சுற்றுச்சுவர் உண்டு. கிணறு, துவைக்கிற கல், ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, நாலு வாழை, ஒரு கீரைப் பாத்தி, சுவரில் ஏறிய அவரைக் கொடி. பாத்திரம் கழுவிய தண்ணீர் வாழைக்கும், குளித்த தண்ணீர் தென்னைக்கும் போகும். அடுப்புச் சாம்பல் கத்தரிக்கு, காய்கறித் தோல் மாட்டுக்கு, சாணம் திரும்ப மண்ணுக்கு. சம்பளத் தோட்டக்காரர் கிடையாது. வீட்டுப் பெண்கள்தான் விதை பிடித்தார்கள், முடிச்சுப் போட்டுப் பரணில் வைத்தார்கள், பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தார்கள். வெர்சாய் தோட்டத்தில் செய்ததை எல்லாம் மன்னரும் லாயமும் இல்லாமல் செய்தார்கள். இதை யாரும் பாரம்பரியச் சின்னம் என்று பட்டியல் போடவில்லை.

இன்டாக் அமைப்பும் அரசும் சேர்ந்து வைசியாள் வீதியின் பழைய முகப்புகளை மீட்டெடுத்தது நல்ல காரியம். திண்ணையும் தாழ்வாரத் தூணும் மறுபடி கண்ணில் படுகின்றன. ஆனால் முகப்புக்குக் கிடைத்த அக்கறை கொல்லைக்குக் கிடைக்கவில்லை. கொல்லையில் கூடுதல் அறை ஏறுகிறது. வெள்ளை நகரத் தோட்டங்கள் வாகனம் நிறுத்தவும் உணவகம் நடத்தவும் போய்க்கொண்டிருக்கின்றன. நான் கீரை கொடுத்துவந்த ஒரு தங்கும் விடுதியில் முப்பது வருஷ மாமரத்தின் அடியைச் சுற்றிக் கல் பாவினார்கள். 'இலை கொட்டுது, குப்பையா இருக்கு' என்பது காரணம். ரெண்டு வருஷத்தில் மரம் பட்டுப்போனது. அதே விடுதியின் உணவுப் பட்டியலில் 'தோட்டத்திலிருந்து நேராக' என்று போட்டிருந்தார்கள்!

கணக்கு போட்டுப் பார்ப்போம்

'நகரத்துல நாலு சென்ட் மண்ணால என்ன ஆகிடப் போகுது?' இது நியாயமான கேள்வி. நகரத்து மண்ணால் ஊருக்குச் சோறு போட முடியாது. அது பாகூர் ஏரிப் பாசனத்தின் வேலை, நம்ம வேலை. ஆனால் நகரத்து மண் செய்கிற வேறு வேலை இருக்கிறது.

முதலில் தண்ணீர். ஒரு சென்ட் என்பது ஏறத்தாழ 40 சதுர மீட்டர். அதன் மேல் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 400 லிட்டர். 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் வந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அந்தக் கணக்கில் 5 சென்ட் தோட்டத்தின் மேல் விழுந்தது மட்டும் ஏறத்தாழ 97,000 லிட்டர். திறந்த மண்ணாக இருந்தால் அதில் ஒரு பங்கை உறிஞ்சும், மீதியைக் கொஞ்ச நேரம் தேக்கி வைக்கும். சிமென்ட் தரையாக இருந்தால் அத்தனையும் அப்படியே தெருவுக்கு ஓடும். தெருவெல்லாம் வெள்ளம் நின்றபோது வானத்தை மட்டும் குறை சொன்னோம். காலுக்குக் கீழே நாம் மூடிய மண்ணை யாரும் பார்க்கவில்லை.

புதுச்சேரியில் வருஷத்துக்குச் சராசரியாக 130 சென்டிமீட்டர் அளவுக்கு மழை. 5 சென்ட்டுக்கு இரண்டரை லட்சம் லிட்டருக்கு மேல். கடற்கரை ஊரில் நல்ல தண்ணீர் கீழே இறங்கினால்தான் உப்புத் தண்ணீர் தள்ளி நிற்கும். மேலே மூடிவிட்டுக் கீழே ஆழ்துளை போட்டு உறிஞ்சினால் கடல் உள்ளே வராமல் என்ன செய்யும்? நகரத்துக்கு நல்ல தண்ணீர் அன்றைக்கே வெளியிலிருந்துதான் வந்தது. மூன்றாம் நெப்போலியன் காலத்தில் முத்திரையர்பாளையத்திலிருந்து தண்ணீர் கொண்டுவந்ததன் நினைவாகத்தான் பாரதி பூங்காவில் ஆயி மண்டபம் நிற்கிறது. கிராமத்து நிலத்தடி நீரை நகரம் குடிக்கிறது என்றால், தன் மேல் விழுகிற மழையையாவது நகரம் மண்ணுக்குக் கொடுக்க வேண்டாமா?

அடுத்தது குப்பை. நகரத்துக் குப்பையில் பெரும்பங்கு மக்குகிற குப்பை. பெரிய மார்க்கெட்டுக்கு வெளியூரிலிருந்து லாரி லாரியாகக் காய் வருகிறது. தழையும் தோலும் அழுகலும் மறுபடி லாரி ஏறிக் குப்பை மேட்டுக்குப் போகின்றன. யாரோ ஒரு உழவருடைய மண்ணின் சத்து அது. வீட்டிலேயே மண் இருந்தால் அது எருவாகும். பழைய மதில் தோட்டங்கள் நமக்குச் சொல்லித் தருகிற பெரிய பாடம் இதுதான். உள்ளே வந்த சத்து எதையும் அவர்கள் வெளியே வீசவில்லை.

நம்ம வயலுக்கு மதில் வேண்டுமா?

இதைப் படித்துவிட்டு நிலத்தைச் சுற்றிக் காம்பவுண்டு சுவர் எழுப்பக் கொத்தனாரைக் கூப்பிட்டுவிடாதீர்கள். குளிர்நாட்டில் சுவர் சூட்டைக் கொடுத்தது. நமக்குச் சூட்டில் பஞ்சமே இல்லை. இன்னொன்று, கெட்டியான சுவர் காற்றைத் தடுப்பதில்லை, தூக்கிவிடுகிறது. மேலே ஏறிய காற்று சுவருக்குப் பின்னால் சுழன்று இறங்கிச் செடியை முறுக்கும். இடைவெளி விட்டு வளர்ந்த மரவேலி காற்றைச் சல்லடை மாதிரி சலித்து மெதுவாக்கும். வேலியின் உயரத்தைப் போல் பத்து மடங்கு தூரம் வரைக்கும் அந்தப் பாதுகாப்பு கிடைக்கும். பத்தடி வேலி நூறடிக்குக் காக்கும். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் இந்தக் கரையில் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்ததைப் பார்த்தவர்களுக்குக் காற்றுத் தடுப்பின் அருமை தெரியும்.

ஐயா நம்மாழ்வார் ஊர் ஊராகப் பேசிய உயிர்வேலிதான் நம்ம மதில். கிளுவை, நொச்சி, ஆடாதோடை, பூவரசு, இடையிடையே பனை. வேலியாகவும் இருக்கும், ஆட்டுக்குத் தழையும் ஆகும், பூச்சிவிரட்டிக்கு இலையும் கொடுக்கும், மழையையும் தடுக்காது.

ஏற்கெனவே சுவர் இருக்கிற வீடு, பள்ளிக்கூடம், கோயில் வளாகம் என்றால் அதைப் பயன்படுத்துங்கள். சுவரின் கிழக்குப் பக்கம் காலை வெயிலும் மதியத்துக்கு மேல் நிழலும் விழும். கோடையில் கீரைக்கும் நாற்றங்காலுக்கும் அதைவிட நல்ல இடம் இல்லை. மேற்குப் பக்கச் சுவர் சாயங்காலம் வரை கொதிக்கும். அங்கே பிரண்டை, சோற்றுக்கற்றாழை மாதிரி வறட்சி தாங்குகிறவற்றை விடுங்கள். ஆடியில் கயிறு கட்டி அவரை, பீர்க்கு, புடல் ஏற்றினால் சுவர் சூடாவதும் குறையும், தையில் குழம்புக்கும் காய் கிடைக்கும். பழைய சுண்ணாம்புச் சுவராக இருந்தால் அடியில் ஈரம் தேங்காதபடி ரெண்டடி தள்ளிப் பாத்தி போடுங்கள்.

மூன்று கோரிக்கைகள்

குறை சொல்லிவிட்டு மட்டும் போவது நம்ம இயக்கத்தின் வழக்கம் அல்ல. என் பார்வையில் செய்ய வேண்டியவை மூன்று.

ஒன்று. பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் மதிலுக்குள் இருக்கும் திறந்த மண், கிணறு, பழைய மரம் மூன்றையும் சேர்க்க வேண்டும். முகப்பை மாற்ற அனுமதி கேட்பது போல மண்ணை மூடவும் அனுமதி கேட்கட்டும். இது நடக்காத கனவு அல்ல. மோன்த்ரேய் ஊரில் சுவரோடு நிலத்தையும் சேர்த்துத்தான் காத்தார்கள். பிரெஞ்சுச் சாயலை நம்பிச் சுற்றுலா நடத்துகிற நகரம், பிரான்சின் இந்த நல்ல பழக்கத்தையும் எடுத்துக்கொள்ளலாமே! சுற்றுலாவை நம்பிப் பிழைக்கிற குடும்பங்கள் நிறைய இருக்கின்றன, அவர்கள் வயிற்றில் அடிக்கச் சொல்லவில்லை. தோட்டத்தில் மேசை போடுங்கள், மண்ணின் மேலேயே போடுங்கள். கல் பாவியே ஆக வேண்டுமென்றால் இடைவெளி விட்டுப் பாவுங்கள்.

இரண்டு. தாவரவியல் பூங்காவின் 22 ஏக்கரில் ஒரே ஒரு ஏக்கரை நாட்டு விதைத் தோட்டத்துக்கு ஒதுக்க வேண்டும். மூக்குத்தி அவரை, சிறகவரை, வாளவரை, நாட்டுக் கத்தரி, சுரை, கீரை வகைகள், அவுரியும்கூட. பராமரிப்பது உழவர் குழுக்களாகவும் மகளிர் குழுக்களாகவும் இருக்க வேண்டும். விளைந்த விதையைப் பொதுமக்களுக்குப் பகிர்ந்து கொடுக்க வேண்டும். ஒவ்வொரு ரகத்துக்கும் முன்னால் ஒரு பலகை. அதில் தாவரவியல் பெயரோடு, அதைக் காத்துக் கொடுத்த ஊரின் பெயரும் உழவரின் பெயரும் இருக்க வேண்டும். இருநூறு வருஷத்துக்கு முன்னால் எழுதாமல் விட்ட பெயர் இனிமேலாவது எழுதப்படட்டும். 2001-ஆம் ஆண்டின் தாவர ரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம் விதையைச் சேமிக்கவும் பரிமாறவும் நமக்கு உரிமை கொடுக்கிறது, உழவர் ரகத்தைப் பதிவு செய்யவும் வழி வைத்திருக்கிறது. புதுச்சேரியிலேயே 1955 முதல் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது, அங்கே உலர்தாவரத் தொகுப்பும் இருக்கிறது. அவர்களுக்கு இலையை அடையாளம் காணத் தெரியும், நமக்கு விதை எடுக்கத் தெரியும். ரெண்டும் ஒரே ஊரில் இருந்தும் சேராமல் இருப்பது நஷ்டம் இல்லையா?

மூன்று. இது நமக்கே. நகரத்தில் மண் வைத்திருக்கிறவர்களை வாடிக்கையாளராக மட்டும் பார்க்காதீர்கள். காய் கொடுக்கப் போகும்போது நாற்றும் கொண்டு போங்கள், ஒரு பை மண்புழு உரம் கொண்டு போங்கள், ஒரு பிடி விதை கொடுங்கள். 'வீட்டிலேயே விளைஞ்சிட்டா நம்ம காயை யார் வாங்குவா?' என்ற பயம் வேண்டாம். ஒரு கத்தரிச் செடி வைத்துத் தண்டுத் துளைப்பானோடு மல்லுக்கட்டியவருக்குத்தான் பூச்சி அரித்த காயின் மதிப்பு தெரியும். அவர்தான் நம்ம விலையில் பேரம் பேசமாட்டார். விளைநிலம் மனைப்பிரிவாகும்போது நம்மோடு சேர்ந்து குரல் கொடுக்கப் போகிறவரும் அவர்தான். கையில் மண் ஒட்டாதவரிடம் மண்ணுக்காகப் போராட வா என்றால் எப்படி வருவார்?

தாவரவியல் பூங்காவில் வேளாண் துறை நடத்துகிற மலர், காய், கனி கண்காட்சிக்குக் கூட்டம் அலைமோதும். பெரிய பூசணிக்குப் பரிசு, அழகான ரோஜாவுக்குப் பரிசு. அடுத்த கண்காட்சிக்கு நாம் வேடிக்கை பார்க்கப் போக வேண்டாம். பாகூர், நெட்டப்பாக்கம், வில்லியனூர், திருக்கனூர் பக்கமிருந்து ஆளுக்கு ஒரு நாட்டு விதையைச் சிறு சிறு பொட்டலமாகக் கட்டிக்கொண்டு போவோம். விதைத் தோட்டத்துக்கான ஒரு ஏக்கர் கோரிக்கையை எழுத்தில் கொடுப்போம். ஊர்க் கூட்டங்களில் பேசி, கையெழுத்து வாங்கி, எந்த ஊரிலிருந்து எந்த விதை வரும் என்று இப்போதே பட்டியல் போடத் தொடங்குங்கள். பட்டியல் தயாரானதும் வேளாண் துறைக்குப் போகும் மனுவோடு அதையும் சேர்த்துக் கொடுப்போம்.